பத்தாவது படியில் பதினொரு வீடுகள்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஆப்பிரிக்காவின் மலாவியில் எடுக்கப்படும் வாழ்க்கைத்தர சர்வேயின் டேட்டாவைச் சரிபார்ப்பது என் வேலை. ‘பத்துப் படி ஏணி ஒன்றில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது?’ என்று அங்கே வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள்; பத்தாம் படிதான் மிக நல்ல வாழ்க்கை. பதில்கள் டாப்லெட் வழியாக எங்களுக்கு வரும்.

செவ்வாய்க்கிழமை, காலை 9.40. கிரேஸ் என்ற கள ஊழியர் அனுப்பிய பதினொரு வீடுகளைக் கணினி சிவப்பில் காட்டியது. எல்லாமே ஒன்பதாம் படி அல்லது பத்தாம் படி. அதே வீட்டார்தான், நாளுக்கு ஒருவேளை சாப்பிடுகிறோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

மேலாளர் குமார் அண்ணை தேத்தண்ணியோடு வந்து திரையைப் பார்த்தார்.

“உவ ஒரு இடமும் போகாமல் தன்ர வீட்டில இருந்தே நிரப்பியிருக்கிறா. பசியோட இருக்கிற சனம் பத்தெண்டு சொல்லுமே?”

“போன சுற்றில அவவில ஒரு பிழையும் இல்லையண்ணை.”

“அப்ப இப்பதான் களவு பழகியிருக்கிறா. ஐசே, வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகோணும். உதுகளை அழிச்சுப்போட்டு, ஆளை வேலையால நிப்பாட்டச் சொல்லி மெயில் போடும்.”

எழுதினேன். பெயர், ஊழியர் எண், காரணம்: போலிப் பதில். அந்தச் சொல் பெயரோடு ஒட்டிவிட்டால் கிரேஸுக்கு வேறெந்த சர்வேயிலும் வேலை கிடைக்காது.

அனுப்புமுன் ஆதாரம் இணைக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு பேட்டியிலும் டாப்லெட் தானாகவே ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்யும். அவற்றை நாங்கள் திறந்ததே இல்லை. மொழி தெரியாமல் கேட்டு என்ன பயன் என்று விட்டுவிடுவோம். ஆதாரத்துக்காகத்தான் அன்று முதன்முறையாகத் திறந்தேன்.

ஒரே இரைச்சல். மைக் பழுது என்று நினைத்தேன். இரண்டாவதிலும் இரைச்சல். மூன்றாவதில் அது கூடிக் குறைந்தபோதுதான் பிடிபட்டது: தகரக் கூரையில் மழை. அதற்கு மேலாகக் கிரேஸ் கத்திக் கேட்கிறார். ஒரு பெண் சிரித்துக்கொண்டே கத்திப் பதில் சொல்கிறார்.

ஹெட்போனை அண்ணையிடம் நீட்டினேன். “வீட்டில இருந்து நிரப்பினா, இதில சிரிக்கிறது ஆரண்ணை?”

இரண்டு தரம் கேட்டார். “சரி, போன் அடிச்சு அவவையே கேளும்.”

கிரேஸ் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நெடுநாள் பிந்திய மழை போன வாரம் திங்கட்கிழமைதான் தொடங்கியதாம். அவர் அந்த வீடுகளுக்குப் போனது செவ்வாயும் புதனும். இனி விதைக்கலாம் என்று ஊரே தெரிந்துகொண்ட நாட்கள். பத்துக்கு மேல் படி இல்லையா என்று இரண்டு வீட்டில் கேட்டார்களாம்.

பேட்டித் தேதிகள் பொருந்தின. அதே புதன்கிழமை பக்கத்து ஊருக்குப் போன இன்னொரு ஊழியரும், மழையால் பாதை மூடியிருந்தது என்று குறிப்பு எழுதியிருந்தார்.

மெயிலை அழித்துவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டைத் திறந்தேன். மணி மூன்று. சோறு ஆறிப்போயிருந்தது, ருசித்துச் சாப்பிட்டேன். பதினொரு வீடுகளும் ஓர் அடிக்குறிப்போடு ரிப்போர்ட்டில் போயின.

இரண்டு மாதம் கழித்து, அறுவடைக்கு முந்திய பசிக் காலத்தில், கிரேஸ் அதே வீடுகளுக்குப் போனார். மூன்றாம் படி, நான்காம் படி என்று பதில்கள் வந்தன.

“இது நம்பக்கூடியது,” என்றார் குமார் அண்ணை.

“முதல் வந்த பத்தும்தான் அண்ணை.”

“ஓம், ஓம். குத்தாதையும்.”

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு பதில் நம்ப முடியாததாக இருந்தால், அது எந்த நாளில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் ஒலிப்பதிவைக் கேளுங்கள். ஒருவரை நிறுத்தச் சொல்லி எழுதுவது அதற்குப் பிறகு.