மார்ப்பட்டை மாட்டி வண்டி இழுத்த கபூர் பாய்

1956 ஆகஸ்ட் 14, காலை மணி ஒன்பது இருபது. கும்மிடிப்பூண்டி வண்டிக்காரர் ஒருவரின் குதிரைக்கான தோல் மார்ப்பட்டை பட்டறை மேசையில் கிடந்தது. அதில் பதினேழு செம்பு ரிவிட்டுகள் இன்னும் தட்டப்படவில்லை. ஜட்கா முனுசாமி வாசலில் வந்து நின்று, "நம்ம பாய் பூட்டாருப்பா" என்றார். காய்ச்சல் என்று பழவேற்காட்டில் அண்ணன் வீட்டுக்குப் போனவர் கபூர் பாய். இரண்டு நாளில் வந்துவிடுவார் என்றிருந்தோம். அடக்கத்துக்குப் போய் வந்தோம்.

திருவள்ளூரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. உங்களில் பலருக்கு அவர் சேணப் பட்டறைக்காரர்; சிலருக்குக் கேள்வி கேட்டே உயிரை வாங்குகிறவர். இரண்டும் உண்மை. இறந்துவிட்டார் என்பதற்காக அவரைச் சாந்தசொரூபி என்று எழுத என்னால் ஆகாது. துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் எதற்குத் தோலைக் கட்டி அழுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "துணி சத்தமே போடாது தம்பி. நாள் பூரா அத்தோட யாரு குந்தினு இருக்கறது?" என்றார்.

நான் தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு அவர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவன். எனக்கு எதுவும் சுருக்காக முடிய வேண்டும். செம்பு ரிவிட் அடிப்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வெளித்தோலையும் உள்தோலையும் சேர்த்து வைத்து, துளையில் விட்டு, வாஷரை இறக்கி, மிஞ்சிய முனையை வெட்டி, சின்னச் சுத்தியால் சுற்றிலும் தட்டினால் முனை குமிழாக உருண்டுவிடும். அவர் அடித்ததையும் நான் அடித்ததையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் மட்டும் அவர் பிடிவாதம் பிடித்தார். ரிவிட்டின் வழுவழுப்பான தலை குதிரைப் பக்கம். தட்டுகிற முனை வெளியே. அதனால் தட்டுவது அழகாக இருந்தே ஆக வேண்டும். "ஜனங்க கண்ணால பாக்கறாங்க, குதிரை தோலால பாக்குது" என்பார்.

போன வருடம் கோடையில் முனுசாமியின் குதிரைக்கு மார்பில் புண் வந்தது. வண்டி லைசென்ஸ் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. புண்ணோடு குதிரையை நிறுத்தினால் லைசென்ஸ் கிடையாது. அந்த ஒரு வண்டியை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. பட்டை எங்கள் பட்டறையில் செய்தது. மேசையில் போட்டு விரலால் தடவினேன். ஒரு ரிவிட்டும் தூக்கியிருக்கவில்லை.

"ரிவிட்ல தப்பு இல்ல" என்றேன்.

"அப்ப புண்ணு எங்கேந்து வந்திச்சு? நான் நகத்தால கீறினேனா?" என்று முனுசாமி கத்தினார்.

பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு பேரும் சரி. அப்ப இன்னாவோ நடக்குது" என்று சட்டையைக் கழற்றினார். மார்ப்பட்டையை வெற்று மார்பில் மாட்டிக்கொண்டு, குதிரை நிற்கும் இடத்தில் போய் நின்றார். "முனுசாமி, ஏறிக் குந்து." முனுசாமி கூச்சத்தோடு ஏறினார். நான் பக்கத்தில் நடந்தேன்.

பஜாரில் டீக்கடைக்காரர், "இன்னா பாய், கொள்ளு வெக்கட்டுமா?" என்றார்.

"வெல்லம் போட்டு வெய்யி நைனா!" என்று மூச்சிரைக்க இழுத்துக்கொண்டே போனார் பாய்.

ஸ்டேஷன் மேட்டில், பாரம் முழுவதும் மார்பில் இருக்கும்போதே நின்று, "வெரலை உள்ள உடு தம்பி" என்றார். விட்டேன். மேசையில் மட்டமாக இருந்த உள்தோல், மார்பின் வளைவில் ரிவிட்டுக்கும் ரிவிட்டுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாகப் புடைத்திருந்தது. அவர் உடம்பிலும் அதே இடங்களில் சிவந்த கோடுகள். காரணம் எனக்கு அங்கேயே பிடிபட்டது. இரண்டு தோலையும் தட்டையாக வைத்துச் சேர்த்தால் இரண்டும் ஒரே நீளம். வளைத்தால் உள்தோல் மிஞ்சும். மிஞ்சியது எங்கே போகும்?

"வளைச்சு வெச்சு அடிக்கணும் பாய்."

"அத்தச் சொல்லு!" என்று நடுத்தெருவில் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

உள்தோலைப் புதிதாக வெட்டினோம். பழைய வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாமேல் இரண்டு தோலையும் வளைத்து அவர் இழுத்துப் பிடிக்க, நான் அடித்தேன். குதிரைக்கு ஓய்வு கொடுத்து மருந்து போட்டார் முனுசாமி. பரிசோதனை நாளில் புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பரிசோதகர் பட்டையின் உள்பக்கம் கையை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முனுசாமி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அதோடு விட்டாரா பாய்? புண் ஆறிய இடத்தில் பழுப்பு முடிக்கு நடுவே வெள்ளை முடி முளைத்தது. "தோலு அதே தோலு. முடி ஏன் வெள்ளையா வருது?" கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டரைக் கேட்டார். அவர் கையை விரித்ததும் பாய் என்னிடம் வந்தார். "நான் படிச்சது செத்த தோல் பாய். உயிரோட இருக்கறதைப் பத்தித் தெரியாது" என்றேன்.

"அப்ப பாதிதான் படிச்சிருக்கே" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

அவரோடு இருந்தும் எனக்குப் பொறுமை வரவில்லை. ஆனால் சண்டையில் இரண்டு பக்கமும் சரி என்று தெரியவந்தால் குஷியாகிவிடும் அந்தக் கிறுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை வைத்துக்கொள்கிறேன். இனி செய்யப்போவது:

1. கும்மிடிப்பூண்டிப் பட்டையைச் சக்கரத்தில் வளைத்து அடித்து முடிப்பது.

2. கொடுப்பதற்கு முன் நானே மாட்டி, பட்டப்பகலில் ஸ்டேஷன் மேடு வரை வண்டி இழுப்பது. ஏறி உட்கார முனுசாமி சம்மதித்துவிட்டார்.

3. ஞாயிற்றுக்கிழமை மதராஸுக்கு ரயிலேறி, கால்நடை வைத்தியம் படிக்கும் சிநேகிதனிடம் அந்த வெள்ளை முடியைப் பற்றிக் கேட்பது. அவனுக்கும் தெரியாவிட்டால், யாருக்குத் தெரியும் என்று கேட்பது.