வேலிக்கு மேல் நீட்டாத மாத்திரை

எங்கள் மைன்ஸ் டவுன்ஷிப் ப்ளாக்கில் என்னைக் கஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உறைக்கு மோர், கறிவேப்பிலை, பலாச்சுளை, எது கேட்டாலும் குவார்ட்டர்ஸ் வேலிக்கு மேலாக நீட்டிவிடுவேன். வலி மாத்திரைக்கு மட்டும் என் கை நீளாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

காரணம் என் வீட்டுக்காரர். மூட்டு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு பிரஷர் இறங்கவே மாட்டேன் என்றது. வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் சேர்ந்தால் கிட்னிக்கு ஆகாது என்று டாக்டர் அதை நிறுத்திவிட்டார். யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், சிலருக்கு வயிற்றில் ரத்தம் கசிந்து வெளிக்குக் கறுப்பாகப் போகும் என்றும் எச்சரித்தார். மிச்சம் எங்கள் வீட்டில் கிடப்பது ப்ளாக்குக்கே தெரியும். இங்கே மிஞ்சிய மாத்திரையும் மிஞ்சிய குழம்பும் ஒன்றுதான், கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் மைன்ஸில் ஆபரேட்டர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அலைந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கம்மாபுரத்துக்காரியான அவர் மனைவி ஒரு காலையில் வேலியருகே வந்து நின்றாள்.

“அக்கா, உங்க வூட்டு மூட்டுவலி மாத்திர ஒண்ணு குடுங்க. சொவத்தப் புடிச்சிகினு நிக்கிறாரு.”

“தர மாட்டேன். அவர் நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுறார்ல? ரெண்டும் சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியும்.”

“அது நெஞ்சுக்கு, இது இடுப்புக்கு. அதுக்கும் இதுக்கும் என்னாக்கா? எச்சக் கையால காக்கா ஓட்ட மாட்டீங்க போல. மெடிக்கல்ல வாங்கனது தீந்துபோச்சேன்னுதான் உங்ககிட்ட வந்தேன்.”

என்னைப் பார்த்து! கோபம் தலைக்கேறும்போதே அவள் சொன்ன கடைசி வாக்கியம் உறைத்தது. அப்படியானால் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது. எதிர் வீட்டில் பால் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே கேட்டேன்.

“வெளிக்குக் கறுப்பாப் போகுதா அவருக்கு?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “தாரு கணக்கா போவுதுன்னாரு. கேவுரு கூழு குடிச்சதாலன்னு நெனச்சிகினேன்.”

அதற்கப்புறம் நான் யாரையும் பேசவிடவில்லை. அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம், தீர்ந்துபோன வலி மாத்திரை அட்டை உட்பட, ஒரு பையில் அள்ளச் சொல்லி, அவரை ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் பையைக் கவிழ்த்துப் பார்த்துச் சோதனையும் செய்த டாக்டர், வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிகிறது, இன்னும் ஒன்று போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார். உடனே உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். ஆனால் அந்த ‘இன்னும் ஒன்று’ என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தபோது பெருமையாக இருந்தது, மறைப்பானேன்? குள்ளஞ்சாவடிப் பக்கம் அவர்கள் வைக்க வேண்டியிருந்த கல்யாணப் பத்திரிகைகளை என் வீட்டுக்காரர் வைத்துவிட்டு வந்தார்.

கல்யாணத்தன்று மேல்பட்டாம்பாக்கம் மண்டபத்தில் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சம்பந்தியம்மா முன்னால் நிறுத்தினாள்.

“எங்க வூட்டுக்காரருக்கு மாத்திர குடுக்க மாட்டேன்னு சொன்ன மகராசி இவங்கதான்.”

சம்பந்தியம்மா திருதிருவென்று விழித்தார். நான் வாசலைக் கைகாட்டினேன். அங்கே பெண்ணின் அப்பா நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார், சுவரைப் பிடிக்காமல்.