பூச்சிக்குக் கொடுத்த பேச்சு

விண்வெளிப் படம் என்றால் எனக்கு உயிர். அந்தப் படங்கள் மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருப்பதும் அதனால்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். வீடு திருவொற்றியூரில். என் தோஸ்துக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை. இரண்டு பேரும் ஒரே தெருநாடகக் குழுவில் நடித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்ணாரப்பேட்டை பக்கம் தமிழ் பேசும் இங்கிலீஷ் படம் ஏதாவது ஓடுகிறதா என்று கிளம்பிவிடுவோம். ஓடாவிட்டால் வாடகைக்கு சிடி எடுத்து வந்து பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்போம்.

பழைய படங்களில் ராக்கெட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பி அப்பட்டமாகத் தெரியும். ரப்பர் சட்டை மாட்டிய பூதம் திரும்பினால் முதுகில் மடிப்பு விழும். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் நடுங்கும். அந்தப் பூதம் பேசாது. அது எதற்கு வந்தது, என்ன நினைக்கிறது என்று படத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. புதிய படங்களில் கம்ப்யூட்டரில் செய்த மிருகத்துக்கு மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் ஆடுகிறது. பயம்தான் வரமாட்டேன் என்கிறது. எதிர்காலம் என்று ஒரு ஊரைக் காட்டுவார்கள். கண்ணாடிக் கட்டடம், பறக்கும் கார், சலவை செய்த வெள்ளை உடுப்பு. அந்த உடுப்பை யார் துவைத்தார்கள், ஊர் சாக்கடை எங்கே போகிறது என்று எந்த டைரக்டரும் யோசித்ததில்லை. எண்ணூர் மாதிரி புகையும் சாம்பலும் சுமக்கும் ஊர் இல்லாத எதிர்காலம் எப்படி ஓடும் என்று நான் தியேட்டரிலேயே சத்தமாகக் கேட்டிருக்கிறேன். முன்சீட்டுக்காரர் திட்டுவார்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு நாள், கோடம்பாக்கத்தில் டப்பிங் தியேட்டர் ஒன்றுக்கு மெட்ராஸ் பாஷை பேச ஆள் வேண்டுமென்று நாடகக் குழுவில் ஒருவர் சொன்னார். அதுவும் விண்வெளிப் படம். இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினோம். வழியெல்லாம் எனக்கு விண்வெளிக் கப்பலின் கேப்டன் நினைப்புதான்.

அங்கே வசனம் எழுதுகிறவர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். கேப்டனுக்குச் சுத்தத் தமிழ். அதற்கு ஆள் இருக்கிறது. கிரகத்தில் வாழும் ராட்சசப் பூச்சிக்குத்தான் எங்கள் குரல்.

"ஜனங்க சிரிக்கணும்பா. உங்க ஆளுங்க பேசுற மாதிரியே பேசிடுங்க, போதும்," என்றார்.

திரையில் காட்சியை ஓட்டினார்கள். மனிதர்கள் பூச்சியின் கூட்டை எரித்துவிட்டார்கள். பூச்சி வந்து சாம்பலைக் கிளறி, செத்துப்போன தன் குஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு கேப்டனைப் பார்க்கிறது. அசல் படத்தில் அதற்கு வசனம் கிடையாது, ஒரு முனகல்தான். கையில் கொடுத்திருந்த வசனத் தாளைப் பார்த்தேன். "இன்னாடா கஸ்மாலம், என் வூட்ட கொளுத்திட்டு ஷோக்கா நின்னுகினு கீற?" என்று எழுதியிருந்தது.

"சார், அத்தோட குஞ்சு செத்துப் பூட்ச்சி. இங்க இன்னாத்துக்கு சிரிக்கணும்?" என்று கேட்டேன்.

"பூச்சிக்கு என்னய்யா துக்கம்?"

"அப்ப கேப்டன இப்படிப் பேச வையுங்களேன்."

"கேப்டன் படிச்சவன்பா."

"எங்க வூட்லயும் படிச்சவங்க கீறாங்க சார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதே டோன்தான், இதையே மைக்ல பேசச் சொல்லுங்க," என்றார். நான் தாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். தோஸ்தும் எழுந்து வருவான் என்று நினைத்தேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவன் குனிந்து அந்தத் தாளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

படம் எங்கள் பக்கமும் வந்தது. மனைவியோடு போய்ப் பார்த்தேன். பூச்சி வாய் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோஸ்து பேசியது அவனுடைய அம்மா தண்ணி லாரிக்காரனிடம் சண்டை போடும் குரல். அச்சு அசல் அதேதான். தியேட்டர் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. சிரித்தவர்கள் யார்? காசிமேட்டுக்காரர்கள், தண்டையார்பேட்டைக்காரர்கள், எல்லாம் நம் ஜனம். என் மனைவியும் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே கல்மண்டபத்தில் ஒரு டீக்கடையில் அவனைப் பிடித்தேன்.

"செத்த குஞ்ச வெச்சிகினு காமெடி பண்ணிட்டியேடா. அது உங்கம்மா கொரலுடா!"

"நான் பேசலன்னா வேற எவனாச்சும் நம்மள மாதிரி பேசுவான், கலீஜா. அது பரவால்லியா மாமு?" என்றான். "நம்ம பேச்சு ஸ்கிரீன்ல கேக்குது. அத்த நென்ச்சி சந்தோஷப்படுவியா..."

"பூச்சி பேசுது. நாம எங்கடா பேசுறோம்?"

"பேஜாரு பண்ணாத. படம்டா அது."

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவனும் திட்டினான். அதோடு பேச்சு நின்றது. அவனுக்கு வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது. ரோபோ, குரங்கு, பேய், பன்றித் தலை வைத்த கொள்ளைக்காரன். படங்களை நான் விடவில்லை. ஒவ்வொன்றிலும் அவன் குரல் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சில வருஷம் கழித்து ராயபுரத்தில் ஒரு கல்யாணத்தில் அடுத்தடுத்த இலையில் உட்காரும்படி ஆகிவிட்டது. அவனே ஆரம்பித்தான்.

"ஒரு வாட்டியாச்சும் கேப்டன் குடுங்க சார்னு கேட்டேன் மாமு. சுத்தத் தமிழ்ல பேசியும் காட்டுனேன்."

"இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. இதுவும் காமெடியா நல்லா கீதுன்னாங்க."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வசனகர்த்தா மேல் வந்த கோபமும் இவன் மேல் இருந்த கோபமும் ஒன்றாகக் கலந்து நெஞ்சில் நின்றது. பாயசத்துக்குக் காத்திருக்காமல் இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.