சொந்த அலுவல்

சமாதான காலத்தில் கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் வோக்கி-டோக்கிக்கு, எங்கள் பேச்சில் வோக்கிக்கு, நான்தான் பொறுப்பு. வெளியே போகும் ஐந்து வாகனங்களும் எங்கே நின்றாலும், எப்போது புறப்பட்டாலும் சாரதிகள் எனக்குச் சொல்ல வேண்டும். நான் கொப்பியில் எழுதுவேன். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது.

சாரதி துரை அண்ணையின் வாகனம் மட்டும் தினமும் தர்மபுரத்தில் பத்து நிமிடம் நின்றது. தேத்தண்ணிக் கடையில் கதைத்துக்கொண்டிருக்கிறார் என்று நானே முடிவுகட்டினேன். ஒருநாள் வோக்கியிலேயே கேட்டும் விட்டேன்.

"அண்ணை, அங்க என்ன அலுவல்? காரணம் எழுதவேணும்."

அண்ணையின் பதில் இரைச்சலோடு வந்தது.

"சலம் போக நிக்கிறன் தங்கச்சி. சீனி வருத்தம், அடக்கேலாது."

ஒரே அலைவரிசையில் இருந்த மற்ற நான்கு வாகனங்களும் மேலதிகாரியின் அறையும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. வேலை போய்விடும் என்று பயந்து அவர் ஒளித்து வைத்திருந்த நீரிழிவையும் சிறுநீர்த் தொல்லையையும் எல்லோருக்கும் சொல்ல வைத்துவிட்டேன்.

நல்ல காலம், வேலை போகவில்லை. மாலையில் மன்னிப்புக் கேட்டேன். அண்ணை சிரித்தார்.

"இனிச் சொந்த அலுவல் எண்டு சொல்லுறன். அதையே எழுதுங்கோ."

சில நாட்களில் மற்றச் சாரதிகளும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள். நானும் மறுபேச்சில்லாமல் எழுதினேன்.

பிறகொருநாள் எனக்கே வயிற்றைக் கலக்கியது. வோக்கியை எடுத்தேன்.

"எனக்குப் பத்து நிமிசம் சொந்த அலுவல்."

"ஓம் தங்கச்சி, ஆறுதலாப் போயிட்டு வாங்கோ" என்றார் துரை அண்ணை. மற்ற வாகனங்களிலிருந்தும் ஒவ்வொன்றாக "ஓம்" வந்தது.

யாருக்கும் காரணம் சொல்லாமல் கதிரையை விட்டு எழும்புவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.