வால்வில் அறுந்த இழை

புதூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போய்விட்டு வரும் வழியில்தான் அது நடந்தது. காரை ஓட்டியவர் என் கணவர். வளைவில் ஓர் ஆட்டுக்கூட்டம் ரோட்டை அடைத்து நின்றது. அவர் ஸ்டீயரிங்கை ஒடிக்க, வண்டி ரோட்டை விட்டிறங்கி வேலிக்கருவை மரத்தில் மோதியது. பழைய கார், என் பக்கத்து சீட் பெல்ட் மாட்டாது. என் நெஞ்சு டேஷ்போர்டில் போய் இடித்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, ஈசிஜி எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. துடிப்பு கொஞ்சம் தாறுமாறாக இருக்கிறதென்று இரண்டு நாள் வைத்துப் பார்த்து, சரியானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கன்றிப்போன இடம் நீலம் மாறி, மஞ்சளாகி, மறைந்தும் போனது. “ஒரு கீறல்கூட இல்ல, சாமி காப்பாத்திட்டு” என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விளையாட்டு ஆசிரியை. பெண் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரி அணியில் ஆடியவள். நாற்பது தாண்டியும் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுவேன். விபத்து நடந்து ஏழெட்டு மாதம் கழித்து, மைதானத்தில் பாதி தூரம் ஓடுவதற்குள் மூச்சு முட்டியது. சாயங்காலம் ஷூவைக் கழற்றினால், கணுக்காலில் சாக்ஸ் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. வயிறு எந்நேரமும் உப்பிக் கிடந்தது. தலை சீவும்போது கண்ணாடியில் பார்த்தேன். கழுத்து நரம்பு ஒன்று எடுப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது.

தெருமுனை டாக்டரிடம் போனேன்.

“இந்த வயசுல லேடீஸுக்கு வாரதுதாம்மா. வெயிட்டக் குறைங்க.”

“கார்ல அடிபட்டேன் சார், நெஞ்சுல.”

“அது எப்பவோ நடந்ததுல்லா? அப்பவே சரியாப் போச்சுல்லா?”

அவர் கொடுத்த மாத்திரையில் வீக்கம் வற்றியது, மறுபடி வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. கால் வலிக்கிறதென்று உட்காரும் பிள்ளைக்கு நிஜமாகவே வலிக்கிறதா, ஓடச் சோம்பலா என்று பார்த்துப் பார்த்தே பழகியவள் நான். என் உடம்பு சொல்வது எனக்கு விளங்காதா?

ஒரு சனிக்கிழமை யாரிடமும் கேட்காமல் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன். அங்கே இதய டாக்டர் ஒரு பெண்மணி. உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

“வயசாயிட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க டாக்டர். எக்கோ எடுத்துப் பாத்துட்டு எதுனாலும் சொல்லுங்க.”

அவர் சிரிக்கவில்லை. என் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார். எக்கோ எடுக்கும்போது திரையை என் பக்கம் திருப்பினார்.

“இங்கன பாருங்க. இது வலது பக்கத்து வால்வு. கதவு மாதிரி. இதப் புடிச்சிருக்கிற இழைல ஒண்ணு அறுந்துருக்கு. கதவு சரியா மூடல. ரத்தம் வந்த வழியே திரும்புது. அதான் கால் வீங்குது.” என் பக்கம் திரும்பிக் கேட்டார். “எப்பவாவது நெஞ்சுல பலமா அடிபட்டீங்களா?”

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நான் அழுதுவிட்டேன். பயத்தினால் அல்ல.

மோதுகிற வேகத்தில் நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இதயம் நசுங்கலாம், அப்போது வால்வின் இழை அறுந்துபோகலாம் என்றார் அவர். வெளியே ஒன்றும் தெரியாதாம். சிலருக்கு வருஷக்கணக்கில் கழித்துத்தான் தெரியவருமாம்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து, புது இழை கோத்து, வால்வைச் சுற்றி ஒரு வளையம் வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடும்வரை பொறுமையாகக் கிடந்தேன். “இனி கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் செய்யலாம்” என்று டாக்டர் சொன்ன பிறகும், தண்ணீர்க் குடத்தைத் தொட என் கணவர் விடவில்லை.

“நான்தான வண்டி ஓட்டுனேன். இன்னொரு மட்டம் ஒனக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது.”

“ஆடு குறுக்க நின்னதுக்கு நீங்க என்ன செய்வீங்க? ஒரு நாளாவது நான் ஒங்களக் குத்தம் சொன்னேனா? ஆனா ஒங்க பயத்துக்காக நான் வீட்டுக்குள்ள கெடக்க மாட்டேன்.”

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அன்பாகத்தான் சொன்னார். “லைப்ரரியப் பாத்துக்கிடுங்க டீச்சர், நிழல்ல இருக்கலாம்.”

“நிழல் வேண்டாம் மேடம். டாக்டரே எழுதிக் குடுத்துருக்காங்க. எனக்கு மைதானந்தான் வேணும்.”

முதல் நாள் பிள்ளைகள் என்னிடம் பந்தை முட்டை உருட்டுகிற மாதிரி உருட்டிவிட்டார்கள். “ஏட்டி, என்னப் பாத்து எதுக்குப் பயப்படுதீங்க? அடிங்கட்டி!” என்று கத்தினேன். அடுத்த பந்து விர்ரென்று வந்தது. மட்டையில் தடுத்தபோது அதிர்வு விலா வரைக்கும் ஏறியது. வலித்தது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

போன மாதம் கயத்தாறில் ஒரு மேட்ச். கடைசி நேரத்தில் கோல் வட்டத்துக்குள் எதிரணிப் பிள்ளை ஒருத்தி காலில் பந்து பட்டது. அதற்கு எங்களுக்கு வரவேண்டிய பெனால்டி கார்னரை அம்பயர் கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் நேரே அவரிடம் போனேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த என் கணவர் வேப்பமரத்தடியிலிருந்து ஓடிவந்தார்.

“ஏட்டி, சத்தம் போடாத! நெஞ்சு!”

“ஒரு நிமிசம் இருங்க” என்று அவரை நிறுத்திவிட்டு, அம்பயரிடம் திரும்பினேன். “வட்டத்துக்குள்ள அந்தப் பிள்ள கால்ல பந்து பட்டுச்சா இல்லையா சார்? அத மட்டும் சொல்லுங்க.”

படவில்லை என்றே சாதித்தார். ஒரு கோலில் தோற்றோம். திரும்பும்போது பஸ்ஸில் என் கணவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கால்ல பட்டது நெசந்தான். நானும் பாத்தேன்.”