குறுக்கே நின்றால் மூடாது

முப்பத்தோரு வருஷம் எங்கள் வீட்டு கேட்டை நான்தான் திறந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து சேக்காட்டுக்குத் திரும்பும் என் கணவர், தெருமுனையிலேயே இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். முதலில் ஸ்கூட்டர், பிறகு ஒரு பழைய கார். சத்தம் கேட்டதும் அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு ஓடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓடுவதற்கு வேறு ஆள் இல்லை, திறந்ததும் அவர் பார்க்க வேறு முகமும் இல்லை.

ரிடையர் ஆனபிறகு அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் தானே நிற்கிற மோட்டார் வைத்து ஓய்ந்தார் என்று பார்த்தால், முகப்பேரில் ஒரு சிநேகிதர் வீட்டில் தானாகத் திறக்கும் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது. பூந்தமல்லியிலிருந்து ஒருவர் வந்து மோட்டாரை மாட்டினார். அதை வீட்டு வைஃபையோடும் போனோடும் ஹாலில் இருக்கும், சொன்னால் பதில் பேசுகிற ஸ்பீக்கரோடும் இணைக்கிற வேலையை இவரே உட்கார்ந்து செய்தார். கார் தெருமுனைக்கு வந்தாலே போன் சொல்லிவிடும், கேட் திறந்துவிடும். ஒரு நிமிஷம் கழித்துத் தானே மூடிக்கொள்ளும். மற்ற நேரத்தில் திறக்க ஒரு ரிமோட், கரண்ட் போனாலும் வேலை செய்ய ஒரு பேட்டரி வேறு.

"உன் முட்டிக்கோசரம்தாம்மே. படி எறங்கி ஏறி நோவு வாங்காத" என்றார்.

"என் முட்டி உங்ககிட்ட மனு குடுத்துச்சா?" என்றேன்.

அன்றிலிருந்து ஹாரன் நின்றுபோனது. சமையலறையில் திரும்பிப் பார்த்தால் திடீரென்று பின்னால் நிற்பார். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவள் மாதிரி எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஸ்பீக்கருக்கு சக்களத்தி என்று பெயர் வைத்தேன். அவளிடம் இங்கிலீஷில் அவ்வளவு பதமாகப் பேசுவார், என்னிடம் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. "உன் போனைக் குடு, உனக்கும் அந்த கேட் ஆப்பை ஏத்தித் தரேன்" என்று எத்தனையோ தடவை கேட்டார். "உங்க பொம்மையை நீங்களே வச்சிக்கினு வெளையாடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். கடைசியாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கேட்டின் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது.

ஒன்றே ஒன்று மட்டும் வலுக்கட்டாயமாகக் கற்றுக்கொடுத்தார். கேட் நகரும்போது என்னை நசுக்கிவிடும் என்று எனக்குப் பயம். கையைப் பிடித்து இழுத்துப்போய், இரண்டு தூண்களிலும் முட்டி உயரத்தில் இருந்த கறுப்புக் கண்களைக் காட்டினார். "நீ குறுக்கால நின்னுகினு கீற வரைக்கும் அது மூடாது. இன்னாத்துக்கு பயப்படற?" என்றார். வேண்டாவெறுப்பாகக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எண்ணெய் போட்ட நான்காம் நாள் காலையில், காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பியாயிற்று. ஐஸ் பெட்டி வந்தது, சாமியானா போட்டார்கள், தெருவில் நாற்காலிகள் இறங்கின. கேட் மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடிக்கொண்டே இருந்தது. ரிமோட்டை அழுத்தினால் திறக்கும், நாலு பேர் உள்ளே வருவார்கள், மறுபடி மூடிக்கொள்ளும். அடுத்து வந்தவர்கள் மாலையும் கையுமாக வெளியே நின்றார்கள். அது மூடும்போதெல்லாம் ஹாலில் சக்களத்தி இங்கிலீஷில் அறிவித்தாள். நாங்கள் மாரடித்து அழுகிற நடுவில் அந்தக் குரல். எழவு வீட்டில் கேட்டைச் சாத்தி வைப்பார்களா என்று யாரோ முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. வந்தவர்களை வாசலில் நிற்க வைத்து அனுப்பிய வீடு என்று அவருக்கா பெயர் வர வேண்டும்? சோறு போடாமல் ஒருவரையும் அனுப்பாத மனுஷன்.

கொழுந்தனார் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார், பேட்டரி விடவில்லை. மோட்டாரை விடுவிக்கும் சாவியை இவர் எங்கேயோ பத்திரமாக வைத்திருந்தார். பூந்தமல்லிக்காரருக்குப் போன் போட்டால், செட்டிங் எல்லாம் சாரே மாற்றிவிட்டார், அவர் போனில்தான் செய்ய முடியும், எப்படியும் தான் வந்து சேர ராத்திரி ஆகும் என்றார். நாலு மணிக்கு எடுப்பதாக இருந்தது. அவர் போனோ திறக்க அவர் விரல் ரேகையைக் கேட்டது.

கொழுந்தனார் என் பக்கத்தில் வந்து குந்தினார். என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் வெரல வச்சிப் பாத்துடலாமா?" என்றார்.

தலையாட்டினேன்.

பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். இரண்டு கைக் கட்டைவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. அந்த முடிச்சை அவிழ்த்தார் கொழுந்தனார். லேத்தில் வெட்டுப்பட்ட தழும்பு உள்ள கட்டைவிரல் அது. போனில் வைத்து அழுத்தினார், ஏற்கவில்லை. துண்டால் துடைத்து மறுபடி வைத்தார். மூன்றாம் தடவை, அந்த விரலைத் தன் வாயருகே கொண்டுபோய் ஊதிச் சூடாக்கினார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் போனை நீட்டியிருந்தால் இந்த விரலை இப்படி அவிழ்த்திருக்க வேண்டாம்.

"போதும், கட்டிடுங்க" என்றேன்.

அவர் மறுபடி முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கறுப்புக் கண்கள் நினைவுக்கு வந்தன. கேட்டைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் பிடித்து வைக்கும் நீல ட்ரம்மை உருட்டிவந்து இரண்டு தூணுக்கும் நடுவில் வைக்கச் சொன்னேன். கொழுந்தனார் நம்பாமல்தான் வைத்தார். கேட் அசையவில்லை. அதன்பிறகு வந்தவர்கள் யாரும் வெளியே நிற்கவில்லை.

நாலு மணிக்கு மேளம் அடித்தார்கள். பாடை போக வழி வேண்டுமென்று ட்ரம்மை ஓரமாக உருட்டினார்கள். தூக்கிக்கொண்டு போன ஆண்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். பெண்கள் கேட்டோடு நின்றுவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நானும் நின்றேன், இரண்டு தூண்களுக்கும் நடுவில்.

பூ கட்டிய வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். வீடு கழுவ வேண்டும், தலை முழுக வேண்டும், வா என்று கொழுந்தனார் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

"கொஞ்சம் இரு. நான் நகந்தா மூடிக்கும்" என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். காலியான தெருமுனையைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முட்டி விண்ணென்று தெறித்தது. அதற்குமேல் தாங்கவில்லை, நகர்ந்தேன்.

கேட் துளிச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைதான் எண்ணெய் போட்டிருந்தார்.