மூன்று ஸ்டார் வாங்கியவள்: பாகலூர் சாலையில் ஒரு சனிக்கிழமை

பதினோரு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்த வலைப்பதிவில் இதுவரை மலைப்பாதை, அருவி, தங்கும் விடுதி என்றுதான் எழுதியிருக்கிறேன். போன சனிக்கிழமை ஓசூருக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, என் தங்கை மகளைப் பார்க்க. நந்தினி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது இருபத்து மூன்று. ஓசூரை அடுத்த ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்தத் தொழிற்சாலை அணிக்காகப் பத்து கிலோமீட்டர் ஓடுகிறாள். வரும் ஞாயிறு ஆலைகளுக்கு இடையேயான போட்டி. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் வேலை நிரந்தரம்.

"காலையில நாடி நாப்பத்திரண்டுதாம்மா. கோச் கைதட்டினாரு" என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். தங்கை அதைப் பெருமையாக என்னிடம் சொன்னாள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. ஓடி ஓடி இதயம் பெரிதாகி, ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளும்போது நாடி குறையும். அது நல்லது. ஆனால் சாப்பாடு போதாத உடலும் சக்திச் செலவைக் குறைக்க நாடியைக் குறைக்கும். இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். எது எது என்று கைக்கடிகாரம் சொல்லாது.

சேலத்தில் காலை 6.10க்கு அரசுப் பேருந்து. தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஏறக்குறைய 160 கிலோமீட்டர், கட்டணம் 165 ரூபாய். சூளகிரிக்கு முன்னால் லாரிகளுக்கு நடுவே இருபது நிமிடம் நின்றோம். ஓசூர் சேர 10.25. அங்கிருந்து பாகலூர் சாலையில் எட்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ 220 ரூபாய். ஓட்டுநர் போனில் தெலுங்கு, எதிரே வந்த டெம்போக்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ்.

"ஓடற பொண்ணுங்க ஆஸ்டலா சார்? லாரிக்காரனே அதுங்களுக்கு வழி உட்டுட்டுத்தான் போறான். ஒடம்புல ஒண்ணுமே இல்ல சார், காத்தடிச்சா சாஞ்சிரும் போல. ஆனா ஓடுதுங்க பாருங்க, என் வண்டியே பின்னால நிக்குது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள். எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். தீபாவளிக்குப் பார்த்த நந்தினியின் கன்னம் இப்போது உள்ளே போயிருந்தது. கூட அறைத்தோழி இசக்கி, திருநெல்வேலிப் பக்கம். எனக்கு வாங்கிய பன்னையும் அவள்தான் தின்றாள்.

"இவளுக்கென்ன மாமா, மூணு ஸ்டாரு வாங்கிட்டா. எனக்கு ஒண்ணுகூட வரல. நான் சோறு திங்கேன்லா!"

"என்ன ஸ்டார்?" என்றேன்.

நந்தினி அவள் தொடையில் கிள்ளினாள். இசக்கி நாக்கைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். தாய்மாமனிடம் பேசுகிற விஷயம் அல்ல அது. எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து கடைக்கு வெளியே போய்த் தங்கைக்குப் போன் போட்டேன். "நீ கேள், நான் தள்ளி நிற்கிறேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனை நந்தினியிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் தங்கை அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்.

அந்த விடுதி அறைகளில் ஒரு காலண்டர் தொங்குகிறது. மாதவிலக்கு வராமல் போன மாதத்துக்கு ஒரு ஸ்டார். யார் தொடங்கியது என்று தெரியாது. மூன்று ஸ்டார் வாங்கியவளுக்கு உடம்பு ஓட்டத்துக்குப் 'பக்குவமாகிவிட்டது' என்று நம்பிக்கை. கோச் அவளைப் போட்டிக்குப் போகும் 'ஏ' பேட்ச்சில் சேர்ப்பார். தோழிகள் கேக் வாங்கி வெட்டுவார்கள். 'ஏ' பேட்ச்காரி அதைத் தின்னமாட்டாள்.

இந்தப் பதிவை ஓடுகிறவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பயிற்சி உடலைச் சேதப்படுத்துகிறது. பிறகு வரும் சோறும் தூக்கமும்தான் அதைப் பழையதைவிட வலுவாகக் கட்டுகின்றன. இதயமும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கு மாதங்கள் வேண்டும். சோறு போதாதபோது உடல் முதலில் நிறுத்துகிற வேலைகளில் ஒன்று மாதவிலக்கு. அதோடு எலும்பைக் காக்கும் சுரப்பும் குறையும். எடை இறங்குவதால் முதலில் ஓட்ட நேரம் நன்றாக வரும். அந்த நல்ல நேரத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

மாலை 4.30க்குக் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் பயிற்சி. விடுதியிலிருந்து ஆட்டோவில் 150 ரூபாய். ஆற்றில் நுரை பொங்கி நின்றது, மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. ஆறு பெண்கள் அந்தக் காற்றை இழுத்தபடி என்னைக் கடந்து ஓடினார்கள். நந்தினியின் இடது கால் தரையைத் தொட்டதும் தொடாததுமாக எழும்பியது. வலியை மறைக்கிற கால் அது.

கோச் என்னைப் பார்த்துவிட்டான். அவன்தான் இங்கே கோச் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நானும் அவனும் உடற்கல்விக் கல்லூரியில் ஒரே வகுப்பு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் அவனுக்குத் துணைப் பயிற்சியாளன். அப்போது ஒரு பெண்ணுக்கு ஓட்டத்தின் நடுவே இடுப்பெலும்பு முறிந்தது. அவளுக்கு நான்கு மாதமாக விலக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஓடுவதற்கு முன் நான் சொல்லவில்லை. முறிந்த பிறகு அறைக்குள் அவனிடம் கேட்டேன், என் வேலை போனது. வெளியே யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பினேன். அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

"வாய்யா புரொபசர்! இன்னும் புஸ்தகத்தத் தூக்கிட்டுத்தான் அலையறியா? ஒரு மெடலாவது குடுத்திருக்கா அது?"

"அந்தப் பெண்ணை இடது காலில் மட்டும் குதிக்கச் சொல்."

"குதிக்கணுமா? அவ பறப்பாய்யா!"

நந்தினி வந்ததும் இடது காலில் எங்கே வலிக்கிறது என்று காட்டச் சொன்னேன். உள்ளங்கையால் தடவிக் காட்டினால் பெரும்பாலும் தசை, ஒரே புள்ளியைத் தொட்டால் எலும்பாக இருக்கலாம். அவள் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஒரே ஒரு விரலை ஒரே ஒரு இடத்தில் வைத்தாள்.

"குதி" என்றேன்.

"வேணாம் மாமா."

"மூணே மூணு தடவை."

கோச்சைப் பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் சத்தமே இல்லாமல் தார்ச்சாலையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் விசிலை வாயில் வைத்தபடி மற்ற ஐந்து பேரை நோக்கி நடந்தான்.

அன்று இரவு பேருந்து நிலையம் அருகே 900 ரூபாய் அறையில் தங்கினேன். தூங்கவில்லை. மறுநாள் ஞாயிறு காலை மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், புதிய விரிசல் பல நேரம் எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தோம், 6,500 ரூபாய். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பில் விரிசல். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது என்றார் மருத்துவர். இன்னொரு பத்து கிலோமீட்டர் ஓடியிருந்தால் முழுதாக முறிந்திருக்கலாம் என்றார்.

"நீங்க குதிக்கச் சொல்லாம இருந்திருந்தா ஓடியிருப்பேன் மாமா. வேல நிரந்தரமாயிருக்கும்" என்றாள் நந்தினி. ஊருக்கு வரும் வழியில் அவள் பேசியது அவ்வளவுதான். கிருஷ்ணகிரியில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். பாதியைத் தின்றாள்.

அந்தப் பக்கம் ஓடுகிற மகளையோ தங்கையையோ பார்க்கப் போகிறவர்களுக்கு: ஷிப்ட் மாறும் நேரத்தில் பாகலூர் சாலையில் ஏறாதீர்கள், கம்பெனி பஸ்களில் மாட்டிக்கொள்வீர்கள். அணைக்கரையில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. போனதும் ஓடிய நேரத்தைக் கேட்காதீர்கள். இரவு என்ன சாப்பிட்டாள், விலக்கு எப்போது வந்தது, எங்காவது ஒரே விரல் அளவுக்கு வலிக்கிறதா என்று கேளுங்கள். ஆணாக இருந்தால் வீட்டுப் பெண் ஒருவரையும் அழைத்துப் போங்கள். நான் அதைச் செய்யாமல் போனது தவறு.

இதோடு முடிக்கலாம் என்றிருந்தேன். நேற்று இசக்கி போன் செய்தாள்.

"மாமா, நந்தினி எடத்துல என்னைய 'ஏ' பேட்ச்ல போட்டுட்டாவ. ராச்சோத்த நிப்பாட்டிட்டேன். நல்லா ஓடுதேன் மாமா, நீங்களே பாத்தா அசந்துருவிய."

சாப்பிடு என்று கத்தினேன். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

என் பெயரைப் போட்டால் கோச் ஒரே நிமிடத்தில் பழைய பகை என்று சொல்லிவிடுவான். பகைதான், மறுக்கவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் பெயரைப் பிடித்துக் கம்பெனிக்காரர்கள் நந்தினியைக் கண்டுபிடிப்பார்கள், அவள் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. பதிவின் மேலிருந்த என் படத்தையும் பெயரையும் எடுத்துவிட்டேன். இசக்கி ஓடப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. கையெழுத்தில்லாமல் இப்போதே ஏற்றுகிறேன்.